ஊரிகத்துக் குழந்தையும் செவிலியின் பதிவேடும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் ஆழத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் வருகை, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம், 2001 பிப்ரவரி 28இல் நேர்ந்த மூடல் ஆகியவையே அதன் மைல்கற்கள். ஊரிகத்திலும் மாரிகுப்பத்திலும் லைன் வீடுகளில் வளர்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த வரலாற்றில் இடம் அரிது. ஆவணங்களை எழுதியோர் உழைப்பைக் கணக்கிட்டனர். குழந்தை உழைப்பாளி அன்று.

சுரங்க மருத்துவம் எதை எண்ணியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1940இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் நோய்க்கான விதிகளை வகுத்தது. தொடர்ந்து கேப்லன், பர்டன் ஆகியோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களை ஆராய்ந்து, அவர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலானோரிடம் இந்நோயைக் கண்டனர். 1947இல் வெளியான அவ்வாய்வு இந்தியத் தொழில்நோய் வரலாற்றில் முன்னோடியானது. ஆயினும் அது தொழிலாளியின் நுரையீரலோடு நின்றது. சிலிக்கோசிஸ் உடையவரைக் காசநோய் எளிதில் பற்றும். ஒற்றை அறை வீட்டில் தந்தையின் இருமல் அவருடைய நெஞ்சோடு நிற்பதில்லை. அருகில் உறங்கும் குழந்தையையும் அது எட்டுகிறது.

சட்டமும் இக்குழந்தையைச் சுற்றுவழியிலேயே கண்டது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், பெண்கள் பணிபுரியும் சுரங்கங்களில் அப்பெண்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறைகள் வேண்டும் என விதிகள் இயற்ற வழிசெய்தது. 1966இல் சுரங்கக் குழந்தைக் காப்பக விதிகள் வந்தன. அதே சட்டம் நிலத்தடியில் பெண்கள் பணிபுரிவதைத் தடைசெய்தது. விளைவு தெளிவானது: தாய் சுரங்கத்தின் கூலிப்பட்டியலில் இருந்தால் குழந்தைக்குக் காப்பகம் உண்டு, தந்தை மட்டும் சுரங்கத்தில் இறங்கினால் அக்குழந்தை அவ்விதியின் கண்ணில் படாது. ஆண்களையே பெரிதும் வேலைக்கு அமர்த்திய தங்கவயலில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இத்தகைய குழந்தையை அதன் வீட்டிலேயே காணும் கடமை செவிலிக்கும் சுகாதாரப் பார்வையாளருக்கும் உரியது. அவர்களை உருவாக்கும் முயற்சி இந்தியாவில் மெல்லவே நடந்தது. செவிலியர் சங்கம் 1908இல் தோன்றியது; அதன் இதழ் 1910இல் வெளிவரத் தொடங்கியது. சுகாதாரப் பார்வையாளருக்கான லேடி ரீடிங் பள்ளி 1918இல் தில்லியில் அமைந்தது. ஆயினும் 1946இல் போர் குழு அறிக்கை அளித்தபோது நாட்டில் ஏறத்தாழ 7,000 செவிலியரும் 750 சுகாதாரப் பார்வையாளருமே இருந்தனர். பிரிட்டிஷ் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 162 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்ததை (1937) அவ்வறிக்கை சுட்டியது. இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது. தங்கவயலிலிருந்து தொலைவில்லாத வேலூரில், 1909 முதல் செவிலியரைப் பயிற்றுவித்த மருத்துவமனை 1946இல் பட்டப்படிப்பைத் தொடங்கியது.

எண்ணிக்கைக் குறைவு ஒரு சிக்கல். செவிலியின் கையில் இருந்த நூல்களின் மொழி மற்றொன்று. பாடநூலும் இதழும் ஆங்கிலத்தில். அரசு அலுவல் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். வீட்டில் தாய் பேசியதோ வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ். அறிவியலைச் சொல்லத் தமிழால் இயலவில்லை என்று இதற்குக் காரணம் கூற முடியாது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1857இலேயே மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் கொணர்ந்திருந்தார். அறுவை மருத்துவமும் உடற்கூறும் வேதியியலும் பின்தொடர்ந்தன. தமிழில் நூல் செய்ய முடியும் என்பது நிறுவப்பட்டு முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், தங்கவயலில் செவிலியே தாய்க்கு நடமாடும் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டியிருந்தது.

சொல் தடுக்கும் இடத்தில் கோடு பேசும் என்பதைக் காட்டியவர் டேவிட் மோர்லி. 1950களில் நைஜீரியாவின் கிராமமொன்றில் பணியாற்றிய அவர், குழந்தையின் எடையை மாதந்தோறும் குறிக்கும் வளர்ச்சி அட்டையை உருவாக்கினார். கோடு ஏறினால் நலம், தட்டையானால் எச்சரிக்கை. அட்டை தாயின் கையிலேயே இருக்கும் என்பது அதன் உள்ளார்ந்த அரசியல்: பதிவு நிறுவனத்தின் அலமாரியிலிருந்து குடும்பத்தின் பெட்டிக்கு இடம்பெயர்ந்தது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும் வளர்ச்சி வரைபடத்தை அங்கன்வாடிகளுக்குக் கொண்டுவந்தது. தந்தை எங்கே வேலை செய்கிறார், தாய் கூலிப்பட்டியலில் உண்டா என்று அந்த வரைபடம் கேட்பதில்லை. சுரங்கச் சட்டம் காணாத குழந்தையை ஒரு தராசும் ஒரு தாளும் கண்டன.

சுரங்கம் மூடியபின் நிறுவன மருத்துவமனையும் பூட்டப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2021இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது தன்னார்வலர்கள் அதைத் துப்புரவு செய்து திறந்தனர். கட்டடத்தை மீட்க முடிந்தது. அங்கு பணியாற்றிய செவிலியரின் அனுபவ அறிவை அவ்வாறு மீட்க இயலாது. சயனைடு மேடுகளின் தூசு காற்றில் பறக்கும் ஊரில், பெங்களூருக்கு விடியற்காலை ரயிலேறும் பெற்றோரின் குழந்தைகள் இன்றும் வளர்கிறார்கள். கருநாடகத்தில் கருவுற்ற தாய்க்குத் தரப்படும் 'தாயி கார்டு' கன்னடத்தில் அச்சாகிறது. அதைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வேலை இன்றும் செவிலியின் நாவிலேயே இருக்கிறது.

ஆகவே தங்கவயலின் குழந்தைநல வரலாற்றை எழுத விழைவோர் நிறுவன அறிக்கைகளோடு நின்றுவிடலாகாது. பேறுகாலப் பதிவேடுகள், தடுப்பூசி அட்டைகள், ஓய்வுபெற்ற செவிலியரின் நினைவுகள் ஆகியவையும் மூலச் சான்றுகளே. தங்கம் எவ்வளவு எடை எடுக்கப்பட்டது என்பதற்குக் கணக்கு உண்டு. குழந்தையின் எடைக்கான கணக்கு லைன் வீட்டுத் தகரப் பெட்டிகளில் மடிந்து கிடக்கும் தாள்களில் இருக்கிறது. அவை மக்கும் முன் யாரேனும் அவற்றைப் படித்தாக வேண்டும்.