குப்பி விளக்கும் எண்ணெய் வேந்தரும்

எண்ணெய்க்காகப் பூமியைத் துளைத்த ஒரு மனிதனின் கதையை அண்மையில் திரையிற் கண்டோம். 2007ஆம் ஆண்டில் வெளியான 'தேயர் வில் பி பிளட்' என்னும் அமெரிக்கப் படம் அது. கதை நாயகன் டேனியல் பிளெயின்வியூ வெள்ளிச் சுரங்கக் குழியில் விழுந்து கால் முறிந்தவன். தவழ்ந்தே சென்று தன் உரிமையைப் பதிவு செய்துகொள்கிறான். பின்னர் ஏழை விவசாயிகளின் தரிசு நிலங்களை அற்ப விலைக்கு வாங்கி, கீழே கிடக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறான். எண்ணெய்க் கிணற்று வெடிப்பில் மகன் செவிப்புலன் இழக்கிறான். தந்தையோ மாளிகையில் தனியனாகி, கொலைகாரனாகி முடிகிறான். நடிப்பும் ஒளிப்பதிவும் மறக்கவொண்ணாதவை.

ஆயினும் படத்தின் மீது எமக்கொரு குறையுண்டு. அதன் மூலநூல் அப்டன் சின்கிளேயர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒயில்!' என்னும் நாவலாகும். அந்த நூலில் எண்ணெய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தம் உண்டு. விலைபோகும் அரசியல்வாதிகள் உண்டு. தந்தையின் செல்வத்தில் வளர்ந்தும் தொழிலாளர் பக்கம் மனஞ்சாயும் மகன் உண்டு. படமோ நாவலின் முற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் கைவிட்டது. ஓர் அமைப்பின் குற்றம் அங்கே ஒரு மனிதனின் பித்தமாகச் சுருங்கிவிட்டது. பிளெயின்வியூ இறந்துவிட்டால் பேராசையும் இறந்துவிடுமா என்ன?

படத்தில் அவனிடம் விலை பேச வரும் 'ஸ்டாண்டர்ட் ஒயில்' கற்பனைக் கம்பனியன்று. ரொக்பெல்லர் அதனை 1870ஆம் ஆண்டில் நிறுவினார். மோட்டார் வண்டி பிறவாத அந்நாளில் எண்ணெய் என்றால் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயே. அமெரிக்க மண்ணெண்ணெய் நீலத் தகரங்களில் அடைபட்டுக் கீழைத்தேசங்களுக்கு வந்தது. 1892இல் மார்க்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வணிகரின் 'மியூரெக்ஸ்' கப்பல், ருஷ்ய எண்ணெயைத் தன் வயிற்றிலேயே நிரப்பிக்கொண்டு சுயெஸ் கால்வாயைக் கடந்தது. தகரச் செலவில்லை, ஆதலால் விலை மலிவு. எனினும் சரக்கு எதிர்பார்த்தபடி விற்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோதுதான் வணிகருக்கு உண்மை புரிந்தது: கீழைநாட்டு ஏழைக்கு எண்ணெயைப் போலவே தகரமும் வேண்டும்! கூரை வேய, நீர் மொள்ள, விளக்குச் செய்ய அதுவே மூலப்பொருள். உடனே சிவப்புத் தகரங்கள் புறப்பட்டன. அந்த வணிகரின் கம்பனிதான் 'ஷெல்'. சிப்பி வியாபாரம் செய்த தந்தையின் நினைவு அப்பெயரில் ஒட்டிக்கொண்டது.

ஏழையின் கூரை வரையில் எட்டிய இந்த வாணிகத்துக்கு எமது கரையும் விலக்கன்று. மின்சாரம் எட்டாத காலத்தில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் ஊர்களில் குப்பி விளக்கே இரவின் கண். மருதமுனை நெசவாளி இருட்டிய பின்னும் தறியில் இருந்தால், அவனது கூலியில் ஒரு துளி எண்ணெய்க் கம்பனிக்குச் சேர்ந்தது. பின்னாளில் வள்ளத்தில் இயந்திரம் பூட்டிய மீனவனும், கல்லோயாத் திட்டத்து வயலில் உழவு இயந்திரம் ஓட்டியவனும் அதே வாடிக்கைக்காரராயினர்.

ஸ்டாண்டர்ட் ஒயிலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911இல் முப்பத்து நான்கு துண்டுகளாகப் பிரித்தது. துண்டுகள் அழியவில்லை, வளர்ந்தன. சுதந்திர இலங்கையில் எண்ணெய் விற்ற எஸ்ஸோ அவற்றில் ஒன்றன் வாரிசு. கல்டெக்ஸில் மற்றொன்றுக்குப் பாதிப் பங்கு. மூன்றாவதாக ஷெல். தீவின் பெற்றோலும் மண்ணெண்ணெயும் இம்மூவர் கையில் இருந்தன.

அம்பாறை தனி மாவட்டமாகப் பிறந்த 1961ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டமும் பிறந்தது. அதனைக் கொண்டுவந்த அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன சிங்கள நாவலாசிரியர். 'அம்ப யாலுவோ' எழுதியவர். அவர் முன்னாளில் அரசாங்க எழுதுவினைஞர். 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது எழுதுவினைஞர் சங்கத் தலைவராயிருந்து வேலை இழந்தார். அதே வேலைநிறுத்தத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானவர் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர். இனங்கள் ஒரே அணியாய் நின்ற அந்த நாளை இன்று நினைக்கையில் பெருமூச்சே எழுகிறது. எண்ணெய் வேந்தரை அமெரிக்காவில் ஒரு நாவலாசிரியர் எழுத்தில் எதிர்த்தார். இலங்கையில் இன்னொரு நாவலாசிரியர் சட்டத்தால் எதிர்த்தார்.

1962இல் கம்பனிகளின் களஞ்சியங்களும் விற்பனை நிலையங்களும் ஒரு பகுதி கூட்டுத்தாபனத்தின் வசமாயின. சோவியத் எண்ணெய் மலிவாக வந்து இறங்கியது. நட்டஈடு பற்றித் தகராறு மூண்டது. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ், ஹிக்கன்லூப்பர் என்ற செனட்டரின் பெயரால் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. அமெரிக்கச் சொத்தைக் கையகப்படுத்தும் நாடு ஆறு மாதத்துக்குள் நட்டஈட்டுக்கு ஆவன செய்யாவிடில், அதற்கு உதவி நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். 1963 பெப்ரவரியில் அந்தச் சாட்டை முதன்முதல் விழுந்த முதுகு இலங்கையினுடையது. உதவி என்ற சொல்லுக்கு உண்மைப் பொருளை அன்று உலகம் அறிந்தது.

அரசாங்கம் பின்வாங்கவில்லை. 1964 ஜனவரி முதல் உள்நாட்டு விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1965இல் ஆட்சி மாறியது, டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் கம்பனிகளுடன் நட்டஈட்டு உடன்படிக்கை செய்துகொண்டது, உதவி திரும்பியது. ஆனால் கூட்டுத்தாபனம் நிலைத்தது. சப்புகஸ்கந்தையில் 1969இல் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது.

இதனைப் பொற்காலக் கதையாக்க நாம் விரும்பவில்லை. அரசின் பெயர்ப்பலகை மாட்டிய மாத்திரத்தில் எண்ணெய் மக்களுடையதாகிவிடாது. 2003இல் இந்தியன் ஒயில் கம்பனியும் 2023இல் சீனத்துச் சினோபெக்கும் சில்லறை விற்பனைக்குள் வந்தன. திருகோணமலையில் வெள்ளையர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுள் எஞ்சிய 99இல், 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 இந்தியக் கம்பனிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு எனப் பங்கீடாயிற்று.

இதற்கிடையில் எமது ஊர்களின் எண்ணெய்க் கணக்கு வேறு திசையிலும் ஓடியது. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய் விலை ஏறியபின், எமது இளைஞரும், பின்னர் தாய்மாரும் வளைகுடாவுக்குக் கப்பலும் விமானமும் ஏறினர். ஒரு துளி எண்ணெயும் ஊறாத இந்த மணற்கரையில் கல் வீடுகள் எழுந்தன; பிள்ளைகளை உம்மம்மாவிடம் விட்டுச் சென்ற தாய்மார் அந்நிய அடுக்களைகளில் ஆண்டுகளைக் கழித்தனர். இந்தச் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

2022 ஆகஸ்டில், நாடு டொலரின்றித் தவித்த வேளையில், கூட்டுத்தாபனம் மண்ணெண்ணெய் விலையை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தியது. வெளியிணை இயந்திரம் பூட்டிய சிறு வள்ளங்கள் குடிப்பது மண்ணெண்ணெயைத்தான். இருபது லீற்றர் கொண்டு கடலுக்குப் போகும் மீனவனுக்கு முதல்நாள் 1,740 ரூபாவாக இருந்த செலவு, மறுநாள் 6,800 ரூபாவாயிற்று. வலையில் விழும் மீனின் தொகை மட்டும் முன்போலவே இருந்தது.