பர்மா தேக்கும் டிராம்பே ஊஞ்சலும்

வீட்டில் ஊஞ்சல் போடணும், என்ன மெட்டீரியல் நல்லது என்று நம்ம ஜனத்திடம் கேட்டுப் பாருங்கள். துபாய் மச்சானாக இருந்தாலும் சரி, மாட்டுங்கா மாமாவாக இருந்தாலும் சரி, ஒரே பதில்தான்: "பர்மா தேக்கு. மத்ததெல்லாம் நிக்காது." ஏதோ ராஜராஜ சோழன் காலத்திலிருந்தே நாமெல்லாம் பர்மா தேக்கில் கால் நீட்டி ஆடிக்கொண்டிருந்த மாதிரி ஒரு தோரணை! ஆனால் அந்த மரம் நம் ஊர்களுக்கு அவ்வளவு தாராளமாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். அதை வெட்டி விற்ற பெரிய கம்பெனியின் பெயரிலேயே பம்பாய் இருக்கிறது. டிராம்பேயில் உட்கார்ந்து இதை எழுதுவதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஊஞ்சல் பழசுதான், அதில் சந்தேகமில்லை. சிலப்பதிகாரத்தில் ஊசல் வரி என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் மரக்கிளையில் கயிறு கட்டி ஆடுவது வேறு, கூடத்து உத்தரத்தில் சங்கிலி போட்டுப் பலகை தொங்கவிடுவது வேறு. இரண்டாவதுக்கு அகலமான, ஒட்டுப் போடாத, வளையாத பலகை வேணும். இரும்புக் கொக்கி, வளையம், ஆணி எல்லாம் மரத்தோடு வருஷக்கணக்கில் ஒட்டி இருக்கணும். பலாவும் வேங்கையும் நம்மிடம் உண்டு, நல்ல மரங்கள்தான். தேக்கு ஜெயித்தது எங்கே என்றால் அந்த இரும்பு விஷயத்தில்.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் ஊஞ்சல்காரர்கள் இல்லை, கப்பல்காரர்கள். இங்கிலாந்தின் ஓக் மரத்தில் டானிக் அமிலம் அதிகம், அது ஆணியை அரித்துவிடும். தேக்கில் இருக்கிற எண்ணெய் இரும்பைக் காப்பாற்றும், கரையானையும் அண்டவிடாது. அதனால்தான் பம்பாய் டாக்யார்டில் வாடியா குடும்பத்துப் பார்ஸிகள் மலபார் தேக்கில் கட்டிய கப்பல்களுக்கு அவ்வளவு மவுசு. 1817இல் இங்கே வெள்ளோட்டம் விட்ட 'ஹெச்.எம்.எஸ். டிரிங்கோமலி' (நம்ம திருகோணமலைதான்!) இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. 200 வருஷத்துக்கு மேல் உப்புத் தண்ணீரைப் பார்த்த மரம். நம் பால்கனி மழைச்சாரலெல்லாம் அதற்கு ஒரு விஷயமா?

கப்பல் கட்டிக் கட்டியே மலபார் காடு மொட்டையானது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கு நட ஆரம்பித்தார். விதையை முளைக்க வைத்து நிஜமாக வேலை பார்த்தவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. பெயர் என்னவோ 'கனோலி பிளாட்' என்றுதான் நிலைத்தது. ஆபீஸில் நடப்பதும் இதுதானே, விடுங்கள். நட்ட மரம் வளர்கிற வரைக்கும் வியாபாரம் காத்திருக்குமா? எல்லோர் கண்ணும் பர்மா பக்கம் திரும்பியது.

1863இல் வாலஸ் சகோதரர்கள் பம்பாயில் ஆரம்பித்ததுதான் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். அவர்கள் வேலை நடந்த விதம் ரொம்ப சுவாரஸ்யம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் மரத்தைச் சுற்றி அடிப்பட்டையை வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே மூன்று வருஷம் போல காயவிடுவார்கள். பிறகு வெட்டி, கம்பெனி முத்திரையைச் சுத்தியலால் அடித்து, யானையை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைக்காலத்து வெள்ளத்தில் விடுவார்கள். ரங்கூன் போய்ச்சேர இன்னும் சில வருஷம். முதலீடு போட்டு ரொக்கத்தைப் பார்க்க இவ்வளவு நாள் என்றால் எந்தக் கிரெடிட் கமிட்டி கையெழுத்துப் போடும் சொல்லுங்கள்?

1885இல் வந்தது வினை. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி மரத்தைக் கொண்டுபோனதாகச் சொல்லி, திபா மன்னரின் சபை கம்பெனிக்குச் சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மன்னரோடு நெருங்குகிறார்களே என்று ஏற்கெனவே எரிச்சலில் இருந்த ஆங்கிலேயருக்கு இது போதுமான சாக்கு. நவம்பரில் படை கிளம்பியது, அந்த மாதமே மாண்டலே விழுந்தது. 1886 ஜனவரி 1ஆம் தேதி மேல் பர்மாவும் பிரிட்டிஷ் கணக்கில் சேர்ந்தது. ஒரு ஆடிட் அப்ஜெக்‌ஷனுக்கு ஒரு ராஜ்ஜியமே போன கதை. மன்னரைக் கொண்டுவந்து வைத்தது எங்கே? இதே கொங்கண் கரையில், ரத்னகிரியில். 30 வருஷம் அங்கேயே இருந்து 1916இல் இறந்தார்.

காடு திறந்தது, கீழ் பர்மாவில் நெல்வயலும் பெருகியது, விவசாயிக்குக் கடன் கொடுக்க நகரத்தார் போனார்கள். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமே கைக்கு வந்து, அந்தப் பத்தாண்டின் கடைசியில் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால் பங்கு அவர்கள் பெயரில் இருந்தது. (அடமானம் மீட்கப்படாமல் சொத்தாக மாறினால் பேங்கருக்கு அது லாபமில்லை, தலைவலி. அவர்களுக்கும் அப்படித்தான் ஆனது.) 1942இல் ஜப்பான் வந்தது, 1960களில் தேசியமயம் வந்தது. நிலம் போச்சு. அதற்கு முன்னாலேயே கப்பலில் வந்து சேர்ந்த தூண்களும் உத்தரமும் ஊஞ்சல் பலகையும்தான் செட்டிநாட்டில் மிச்சம்.

எங்கள் தாத்தா ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். தேவகோட்டைப் பக்கத்து வீட்டில் அவர் போட்ட ஊஞ்சலைப் பற்றித்தான் இப்போது பஞ்சாயத்து. வீடு கைமாறப் போகிறது. பழைய மர வியாபாரி பலகைக்கு மட்டும் தனி விலை சொல்லியிருக்கிறார், ஏதோ ரிசார்ட்டுக்கு வேணுமாம். "நல்ல ரேட்டுப்பா, குடுத்துட்டு மூணு பங்கு போட்டுக்கலாம்" என்கிறார் அண்ணன். எங்களோடு இருக்கிற அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அந்த வளையத்துலதான்டா உங்க எல்லாருக்கும் தூளி கட்டினேன்."

சரி, கணக்குப் போடுவோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குல கனம். ஆக 2 கன அடி, எடை 40 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இந்த அகலத்துக்கு ஒட்டில்லாமல் எடுக்க 7 அடிக்கு மேல் சுற்றளவுள்ள மரம் வேணும். இயற்கைக் காட்டில் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதனால் புதுசாக 'பர்மா தேக்கு' என்று யாராவது நீட்டினால் பேப்பரைக் கேளுங்கள். ரே ரோடு மரக்கடைகளில் இப்போது கானா, ஈக்வடார் தோட்டத் தேக்கு என்கிறார்கள். இருபது இருபத்தைந்து வருஷத்தில் வெட்டியது, வெளிர் மரம் அதிகம் இருக்கும். புதுசுதான் வேணும் என்றால் நம்ம மகாராஷ்டிராவின் பல்லார்ஷா பக்கத்து சி.பி. தேக்கைப் பாருங்கள், என் ஓட்டு அதற்குத்தான்.

டிராம்பேயில் மரத்தைவிடப் பெரிய கவலை சங்கிலி. ஒரு பக்கம் கழிமுகத்து உப்புக்காற்று, இன்னொரு பக்கம் சுத்திகரிப்பு ஆலைகள். (1955இல் இங்கே வந்த ஆலைக்குப் பெயர் பர்மா ஷெல். 1976இல் அரசுடைமையாகி இன்றைக்குப் பாரத் பெட்ரோலியம். பர்மா எங்கே போனாலும் விடாது போல.) சாதா இரும்புக்குப் பெயின்ட் அடித்து மாளாது. மாடி வீட்டு குஜராத்திக் குடும்பம் பித்தளைக் கண்ணிகளில் யானையும் கிளியுமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், பார்க்க அள்ளும், ஆனால் வாராவாரம் துலக்கணும். தங்கமணி முதல் நாளே கை விரித்துவிட்டார். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தீர்வு. மாலிப்டினம் சேர்த்தது, 304ஐவிட உப்பைத் தாங்கும்.

நாலு பேர் 280 கிலோ, பலகை 40. இரண்டு பக்கமும் 30 டிகிரி வரை வீசி ஆடினால் கீழே வரும்போது இழுவை ஒன்றேகால் மடங்கு, அதாவது 400 கிலோ. நம் கட்டடத்துப் பழைய ஸ்லாபில் கம்பி ஏற்கெனவே துருப்பிடித்து சிமென்ட் பெயர்கிறது. அதில் கொக்கி அடிக்க சொசைட்டி செக்ரட்டரி சம்மதிக்கவில்லை. அவர் சொல்வது நியாயம். ஆக தரையில் நிற்கிற ஸ்டாண்டுதான்.

இரண்டு ஸ்டாப் தள்ளி சீத்தா கேம்ப். 1976இல் எமர்ஜென்ஸி நேரத்தில் அணுசக்தி மையத்துக்குப் பக்கத்திலிருந்த ஜனதா காலனியை இடித்து, ஜனங்களைக் கொண்டுவந்து சேற்று நிலத்தில் விட்ட இடம். நம் தமிழ் ஜனம் நிறைய. லோன் விஷயமாகப் போகும்போது பார்ப்பேன், ஊஞ்சல் போட இடம் ஏது? தகரக் கூரையின் இரும்பு ஆங்கிளில் பழைய நூல் சேலை தூளி ஆடும். மெட்டீரியல் விஷயத்தில் அதை அடிக்க ஆளில்லை: மெத்தென்று இருக்கும், காற்று போகும், துவைத்து மறுபடி கட்டலாம்.

ஒரு கொசுறு. அந்தப் பாம்பே பர்மா கம்பெனி இன்றைக்கு வாடியா குழுமத்தின் கையில், ஆமாம், அதே கப்பல் கட்டிய வாடியாக்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு மலையை எடுத்து மாஞ்சோலை எஸ்டேட்டை நடத்தியதும் அவர்களே. அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பிறகு தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். 2024இல் கம்பெனி எஸ்டேட்டை மூடிவிட்டது. இதெல்லாம் தெரிந்த பிறகு "அசல் பர்மா தேக்காக்கும்" என்று விருந்தாளியிடம் பீற்றிக்கொள்ள எனக்கு வாய் வராது.

ஆனாலும் பலகையை ரிசார்ட்டுக்கு விட மனசில்லை. வியாபாரி சொன்ன விலையில் அண்ணன் பங்கும் தங்கை பங்கும் நான் அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அண்ணன் முதலில் முனகினார், பிறகு "வளையத்தையும் சேத்து எடுத்துக்கோ, பெருமாள் கோயில் தெரு ஆசாரியை விட்டுக் கழட்டச் சொல்றேன்" என்றார். வாஷியில் ஸ்டாண்டுக்குச் சொல்லியாச்சு, சி.பி. தேக்கில். பார்சல் லாரிக்காரர் பலகையைச் சாக்கு சுற்றி, நிற்க வைத்துக் கட்டி அனுப்பச் சொல்கிறார். படுக்க வைத்தால் மேலே மூட்டையை அடுக்கிவிடுவார்களாம்.