பெட்டியின்மேல் ஒட்டிய படம்

செய்தித்தாள், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றை ஊடகங்கள் என்று இந்நாளில் வழங்குகின்றோம். அவற்றை எவ்வாறு ஆராய்வது என்பது கல்லூரிகளில் ஒரு தனிப் பாடமாகவே வளர்ந்துவிட்டது. அப்பாடத்தின் வினாக்கள் எளியவை. இதற்குப் பணம் தந்தவர் யார்? எதைக் காட்டினர், எதை விட்டனர்? கதையை எங்கே தொடங்கி எங்கே முடித்தனர்? பெற்றுக்கொண்டவர் இதனை என்ன செய்தார்? இவற்றைக் கேட்டுப் பழக மேனாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிப் போக வேண்டுவதில்லை. சிவகாசியை அடுத்த எங்கள் எம். புதுப்பட்டியில் எந்தப் பெட்டிக்கடையிலும் ஒரு தீப்பெட்டி கிடைக்கும். அதன்மேல் ஒட்டியிருக்கும் படமும் ஓர் ஊடகமே.

1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். எங்களுடையது மழை குறைந்த கரிசல் பூமி. வறண்ட காற்று பயிருக்குப் பகை. தீக்குச்சி காய்வதற்கோ அதுவே துணை. அதே 1923இல்தான் ஸ்வீடன் நாட்டு முதலாளிகளின் விம்கோ நிறுவனமும் இந்தியாவில் தோன்றியது. அவர்களிடம் பெரிய இயந்திரங்கள் இருந்தன. இங்கே இருந்தவை கைகள்.

சில ஆண்டுகளில் அவ்விருவரும் தனித்தனியே தொழில் நடத்தலாயினர். ஒருவர் பெட்டியில் அணில் அமர்ந்தது. மற்றவர் பெட்டியில் காகம் அமர்ந்தது. ஏன் அணில், ஏன் காகம் என்று எண்ணிப் பாருங்கள். வாங்குவோருள் பெரும்பாலோர் அன்று எழுத்தறியாதவர். கடைக்கு வந்த சிறுவன் நிறுவனத்தின் பெயரைச் சொல்லான். “காக்கா பெட்டி கொடுங்கள்” என்பான். தெருவில் தினமும் காணும் உயிர்களையே வணிகச் சின்னமாக்கியவர்கள் தம் வாடிக்கையாளரை நன்கு அறிந்தவர்கள்.

பெட்டிக்குப் படம் வேண்டும்; படத்துக்கு அச்சு வேண்டும். 1920களின் இறுதியில் சிவகாசிக்கு லித்தோ அச்சு வந்தது. கல்லின்மேல் எழுதி, வண்ணத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சிடும் முறை அது. தீப்பெட்டிக்கு வேலைக்காரியாய் வந்த அச்சுத்தொழில் பின்னர் தானே ஒரு வீட்டுக்காரியாயிற்று. நாட்காட்டிகள் அதன் பெருஞ் செல்வம்.

அந்நாட்காட்டிக் கடவுளரின் வரலாறு சுவையானது. ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தெய்வப் படங்களை ஆயிரக்கணக்கில் வெளியிட்டார். அந்த அச்சகம் சில ஆண்டுகளில் ஷ்லெய்ஷர் என்னும் ஜெர்மானியருக்கு விற்கப்பட்டது. இலட்சுமியும் சரஸ்வதியும் நம் பூசையறைக்கு வந்த வழியில் ஒரு ஜெர்மானிய முதலாளியின் கணக்குப் புத்தகமும் இருந்தது! நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜு அப்பணியைத் தொடர்ந்தார். 1898இல் பிறந்து 1976இல் மறைந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவில் திரைச்சீலை வரைந்து, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவருடைய தெய்வங்கள் நாடக மேடையில் நிற்பதுபோல நம்மை நேர்நோக்கி நிற்பதன் காரணத்தை, அவர் வரைந்த அத்திரைச்சீலைகளில் தேடலாம் என்பது என் கருத்து.

உடைமை என்னும் கேள்விக்கு நாட்காட்டியைப்போல் தெளிவான விடை தருவது வேறில்லை. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புதிய நாட்காட்டி ஆல்பங்கள் வெளிவரும். முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, தேசத் தலைவர், நடிகை என எல்லாப் படங்களும் ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்து இருக்கும். படத்தின் கீழ்ப்பகுதி மட்டும் வெறுமையாக இருக்கும். அவ்வெற்றிடத்தை நகைக்கடைக்காரரோ உரக்கடைக்காரரோ விலைகொடுத்து வாங்கித் தம் பெயரைப் பொறிப்பார். நாம் முருகனை வணங்கும்போது கண் அப்பெயரையும் தொட்டு மீளுகிறது. பத்திரிகைகளிலும் இவ்வெற்றிடம் உண்டு. அது எங்கே என்று எளிதில் தெரியாது என்பதே வேறுபாடு. நான் பேசுகின்ற இவ்வானொலிக்கும் உடைமையாளர் உண்டு என்பதை நீங்கள் மறக்க வேண்டாம்.

இனி, என் நெஞ்சை உறுத்துவதைச் சொல்கிறேன். கம்பி மத்தாப்புப் பெட்டிகளின்மேல் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். கொழுத்த கன்னம், புதிய சட்டை, கையில் பூச்சொரியும் மத்தாப்பு. 1980களில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, எங்கள் வட்டாரத்துக் குழந்தைகள் பலரை விடியுமுன்னே தொழிற்சாலை வண்டிகள் ஏற்றிச் சென்றன. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பலகையில் பிள்ளை இருக்காது. தீபாவளி நெருங்க நெருங்க வகுப்பு மெலியும். குழந்தையின் படத்தை ஒட்டியதும் ஒரு குழந்தையின் விரலே. ஒட்டிய குழந்தை எந்தப் பெட்டியிலும் அச்சாகவில்லை.

‘குட்டி ஜப்பான்’ என்று சிவகாசியைப் புகழ்வார்கள்; அதைச் சொன்னவர் நேரு என்பது வழக்கு. உழைப்பால் உயர்ந்த ஊர் என்பது அச்சொல்லுக்குள் இருக்கும் கதை. 1983இல் ஸ்மித்து கோத்தாரி என்பவர் ‘எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி’யில் இங்குள்ள குழந்தைத் தொழிலாளரைப் பற்றி எழுதினார். 1990இல் சலம் பென்னூர்க்கர் எடுத்த ஆவணப்படத்துக்குக் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று பெயர். பாருங்கள், ஒரேயொரு சொல்லைச் சேர்த்தவுடன் புகழ்மொழி வழக்குமொழி ஆகிவிட்டது! வெளியூரார் மிகைப்படுத்துகின்றனர் என்று ஊரில் பலர் குறைகூறினர். அக்குறையில் ஓரளவு நியாயமும் உண்டு. மானாவாரி நிலம் கைவிட்ட குடும்பத்துக்கு வேறு பிழைப்பு ஏது என்று கேளாமல் பெற்றோரைப் பழித்தவர்களும் இருந்தனர். ஆயினும், ஊரார் சொல்லாத கதையைச் சொன்னவர்கள் அவர்களே. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் நாள், அபாயத் தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலகைகள் மெல்ல மெல்ல நிரம்பின.

செய்தித்தாளின் கதையமைப்பையும் கவனியுங்கள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய செய்தி வெடியோசையில் தொடங்கும்; எண்ணிக்கை கூடும்; நிவாரணத் தொகையோடு முடியும். இறந்தவர் வீட்டிலோ கதை அன்றுதான் தொடங்குகிறது. கடன் யார் அடைப்பது, மூத்தவள் படிப்பு என்னாவது என்பனவெல்லாம் அடுத்த நாள் தாளுக்குரிய செய்திகள் அல்ல. செய்தியாளர் இரக்கமற்றவர் என்று நான் சொல்லவில்லை. அச்செய்தி வார்க்கப்படும் அச்சு அப்படிப்பட்டது.

இறுதியாக, படத்தைப் பெற்றவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். செட்டிநாட்டுப் பெண்கள் அச்சிட்ட தெய்வப் படங்களுக்குப் பட்டுத்துணியும் சரிகையும் சமிக்கியும் ஒட்டி அவற்றைத் தம் படங்களாகவே ஆக்கிக்கொண்டனர். வணிகர் பெயரைக் கத்தரித்துவிட்டுக் கடவுளை மட்டும் சட்டமிட்டு மாட்டிய வீடுகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். எங்கள் சிறுவர்களுக்குத் தீப்பெட்டிப் படங்கள் விளையாட்டில் செல்லும் நாணயம்.

ஒருமுறை என் மாணவர்களிடம் அப்படங்களைச் சேகரித்து நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அதைப் பற்றி ஒரு வரி எழுதிவரச் சொன்னேன். பலரும் ‘இது மயில்’, ‘இது கப்பல்’ என்று எழுதினர். ஒரு பெண் மட்டும் படத்தின் பெயரை எழுதவில்லை. ‘இதை அம்மா நேற்று ஐந்து குரோஸ் ஒட்டினார்’ என்று எழுதியிருந்தாள். குரோஸ் ஒன்றுக்கு 144 பெட்டி. அன்றைய கணக்குப் பாடத்தை அதிலிருந்தே தொடங்கினேன்.