டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

நம்ம வீடுகள்ல ஒரு மாத்திரைக்குத் தனி மரியாதை உண்டு. காலையில எழுந்ததும் வெறும் வயித்துல தண்ணியோட ஒண்ணு, அதுக்கப்புறம் அரை மணி நேரம் காபி கிடையாது. ஆமா, தைராய்டு மாத்திரைதான். அம்மாவோ, சித்தியோ, ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருக்கிறவங்களோ, நமக்குத் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் போட்டுக்கிட்டுதான் இருப்பாங்க. அந்த மாத்திரை எப்படி வந்ததுன்னு தேடிப் போனா, கதை எந்த மருந்துக் கம்பெனியிலயும் ஆரம்பிக்கலை. சுவிட்சர்லாந்துல, ரொம்ப நல்லா நடந்து முடிஞ்ச கழுத்து ஆபரேஷன்கள்ல ஆரம்பிக்குது.

கத்தி வைக்கப் பயந்த இடம்

தைராய்டு, மூச்சுக்குழாய்க்கு முன்னாடி பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிற ஒரு சுரப்பி. ரத்த ஓட்டம் ரொம்ப அதிகமா இருக்கிற இடம். பக்கத்துலயே குரல் நாணுக்குப் போற நரம்பு ஓடுது, அதுல கை பட்டா குரல் போயிடும். இந்தச் சுரப்பி வீங்கி கழுத்துல கழலையா தொங்குறதைத்தான் காய்ட்டர்னு சொல்றோம்.

ஆல்ப்ஸ் மலைப் பகுதியில இது சர்வ சாதாரணம். மண்ணுல இருந்த அயோடினைப் பனிப்பாறையும் மழையும் பல ஆயிரம் வருஷமா அடிச்சுட்டுப் போயிடுச்சு. தண்ணியில அயோடின் இல்லை, பயிர்ல இல்லை, அதனால ஆளுக்கும் கிடைக்கலை. கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடிச்சு வைக்க முயற்சி பண்ணி, சுரப்பி பெருத்துக்கிட்டே போகுது. சிலருக்கு அது மூச்சுக்குழாயையே நெரிக்கிற அளவுக்கு வளரும்.

அப்போ வெட்டி எடுக்க வேண்டியதுதானேன்னு தோணும். ஆனா 1860கள்ல சர்ஜன்கள் இதைத் தொடவே பயந்தாங்க. ரத்தம் நிக்காது, நின்னாலும் புண்ணு சீழ் பிடிக்கும். ஒழுங்கான எந்த சர்ஜனும் இதுல இறங்க மாட்டார்ங்கிற அர்த்தத்துல, சாமுவேல் கிராஸ்ங்கிற புகழ்பெற்ற அமெரிக்க சர்ஜன் 1866ல எழுதியே வெச்சார். அந்தக் காலத்தோட மிகப் பெரிய சர்ஜன்கள்ல ஒருத்தரான தியோடர் பில்ராத், ஜூரிக்ல இருந்தப்போ இந்த ஆபரேஷனைச் செய்து பார்த்தார். கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் இறந்துபோனாங்க. பல வருஷத்துக்கு அதை அவர் கைவிட்டுட்டார்.

பெர்ன் நகரத்துல ஒரு நிதானமான கை

1872ல, 30 வயசே ஆன தியோடர் கோக்கர்ங்கிற ஒருத்தர் பெர்ன் பல்கலைக்கழகத்துல அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆகிறார். இன்னைக்கும் நம்ம ஊர் ஆபரேஷன் தியேட்டர்ல ‘கோக்கர்ஸ்’னு கேட்டா ஒரு இடுக்கியை எடுத்துக் கொடுப்பாங்க. அந்தப் பேர் இவரோடதுதான்.

அந்தக் காலத்துல நல்ல சர்ஜன்னா வேகமான சர்ஜன். கோக்கர் அதுக்கு நேர் எதிர். லிஸ்டரோட கிருமித் தடுப்பு முறையை அப்படியே எடுத்துக்கிட்டார். ஒவ்வொரு ரத்தக்குழாயையும் இடுக்கியால பிடிச்சு, கட்டி, அப்புறம்தான் வெட்டுவார். அவசரமே கிடையாது. அதுக்குப் பலனும் கிடைச்சது. பேஷண்ட் பிழைக்க ஆரம்பிச்சாங்க.

இங்கதான் ஒரு சின்ன முடிவு வருது. வெட்டுறதுதான் வெட்டுறோம், கழலை மறுபடி வளரக் கூடாது, அதனால சுரப்பியை முழுசாவே எடுத்துடலாம். தைராய்டு உடம்புல என்ன வேலை செய்யுதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது. வேலையே செய்யாத உறுப்புன்னு நினைச்சவங்களும் இருந்தாங்க. அதனால முழுசா எடுக்கிறது தப்பாவே படலை, நேர்த்தியான வேலையாதான் தெரிஞ்சது.

அந்தப் பொண்ணு வளரலை

1874 ஜனவரியில கோக்கர் 11 வயசுப் பொண்ணு ஒருத்திக்கு இந்த ஆபரேஷன் பண்றார். முழுச் சுரப்பியும் எடுத்தாச்சு, காயம் ஆறிடுச்சு, வீட்டுக்கு அனுப்பியாச்சு. அன்னைக்கு இருந்த எந்த அளவுகோல்ல பார்த்தாலும் இது சக்சஸ்.

கொஞ்ச நாள்ல, அவளை அனுப்பி வெச்ச ஊர் டாக்டர்கிட்ட இருந்து கோக்கருக்குச் சேதி வருது. பொண்ணோட சுபாவமே மாறிப் போச்சு, மந்தமாயிட்டா, வேலை செய்ய வைக்கிறதே பெரும்பாடா இருக்குன்னு. கோக்கர் அப்போ அதைப் பெருசா எடுத்துக்கிட்ட மாதிரி தெரியலை. எட்டு வருஷம் ஓடிப் போகுது. அந்த எட்டு வருஷத்துலயும் முழுசா எடுக்கிற ஆபரேஷன் தொடருது.

1882 செப்டம்பர்ல ஜெனீவா சர்ஜன் ஜாக் லூயி ரெவர்டான் அவரைச் சந்திக்கிறார். “நான் தைராய்டை முழுசா எடுத்தவங்கள்ல சில பேர் அப்புறம் விநோதமா மாறிட்டாங்க, உங்க பேஷண்ட் எப்படி இருக்காங்க”ங்கிறதுதான் பேச்சோட சாரம். கோக்கருக்கு அந்தப் பழைய சேதி ஞாபகம் வருது. ஊருக்குத் திரும்பினதும், இதுவரைக்கும் ஆபரேஷன் பண்ணவங்களுக்கெல்லாம் கடிதம் போட்டுத் திரும்ப வரச் சொல்றார்.

அந்தப் பொண்ணும் வர்றா. ஒரு காலத்துல அவளையும் அவ தங்கச்சியையும் பார்த்தா யார் யார்னு குழம்புற அளவுக்கு ஒரே மாதிரி இருப்பாங்களாம். இப்போ தங்கச்சி வளர்ந்து நிக்குறா. இவ குள்ளமாவே நின்னுட்டா, முகம் வீங்கியிருக்கு, பேச்சும் யோசனையும் மெதுவா இருக்கு.

18 பேர்ல 16

முழுச் சுரப்பியும் எடுத்தவங்கள்ல 18 பேரை கோக்கரால நேர்ல பார்க்க முடிஞ்சது. அதுல 16 பேருக்கு இதே நிலைமை. எப்பவும் குளிர், கை கால் வீக்கம், சோர்வு, மந்தம். தப்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கழலை மறுபடி வளர்ந்திருந்தது, இன்னொருத்தருக்குத் தனியா ஒரு துண்டு தைராய்டு மிஞ்சியிருந்தது. அதாவது, ஆபரேஷன் ‘முழுசா’ சக்சஸ் ஆகாதவங்க மட்டும்தான் நல்லா இருந்தாங்க.

1883 ஏப்ரல்ல, ஜெர்மன் சர்ஜன்களோட மாநாட்டுல கோக்கர் எழுந்து தன்னோட 101 கழலை ஆபரேஷன்களோட கணக்கை முன்வைக்கிறார். இந்த நிலைமைக்கு ‘கக்கெக்ஸியா ஸ்ட்ரூமிப்ரிவா’ன்னு பேர் வைக்கிறார். கழலையை எடுத்ததால வந்த சீர்குலைவுன்னு அர்த்தம். சாதாரணக் கழலைக்கு இனிமே முழுச் சுரப்பியையும் எடுக்கிறதில்லைன்னு முடிவும் எடுக்கிறார்.

இதை ஒரு தியாகி கதையா ஆக்க வேண்டாம். முதல்ல கவனிச்சது நான்தான்னு ரெவர்டானுக்கும் கோக்கருக்கும் கடைசி வரைக்கும் மனஸ்தாபம் இருந்தது, ரெவர்டான் பக்கம் நியாயமும் இருந்தது. அந்த ஊர் டாக்டரோட சேதியை 1874லயே காதுல வாங்கியிருந்தா எத்தனை பேர் தப்பிச்சிருப்பாங்கங்கிற கேள்வியும் அப்படியே இருக்கு. ஆனாலும், ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின தன்னோட ஆபரேஷன் ஆட்களை இப்படி ஆக்கிடுச்சுன்னு, தன் தொழில்காரங்க நிறைஞ்ச அறையில எண்ணிக்கையோட சொன்னார். அது சுலபமில்லை.

ஏன் கோக்கரோட பேஷண்ட்டுக்கு மட்டும்?

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். பில்ராத் அப்போ வியன்னாவுல மறுபடி தைராய்டு ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சிருந்தார். அவரோட பேஷண்ட்டுக்கு இந்த மந்தநிலை அதிகமா வரலை. அவங்களுக்கு வந்தது டெட்டனி, அதாவது கை கால் விரல்கள் இழுத்துப் பிடிச்சு வலிப்பு மாதிரி வர்றது. ஒரே ஆபரேஷன், ரெண்டு ஊர், ரெண்டு வேற வியாதி. எப்படி?

ரெண்டு பேரோட கைவேலையையும் நேர்ல பார்த்த அமெரிக்க சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் இதுக்குப் பின்னாடி ஒரு விளக்கம் எழுதினார். பில்ராத் வேகமானவர். அவர் வெட்டுறப்போ தைராய்டுல கொஞ்சம் உள்ளேயே மிஞ்சிடும், ஆனா சுரப்பிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கிற பாராதைராய்டு சேதமாயிடும். துவரம்பருப்பு சைஸ்ல வழக்கமா நாலு இருக்கும், ரத்தத்துல கால்சியத்தைப் பார்த்துக்கிறது அதுங்கதான். ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம்ங்கிற ஸ்வீடன் மருத்துவ மாணவர் 1880லதான் மனுஷங்க உடம்புல அதைக் கண்டுபிடிச்சிருந்தார், யாரும் பெருசா கண்டுக்கலை. கோக்கரோ பொறுமையா, சுரப்பியோட உறை ஓரமா போய், பாராதைராய்டை விட்டுட்டுத் தைராய்டை மட்டும் கடைசித் துணுக்கு வரைக்கும் எடுப்பார்.

அவர் கை அவ்வளவு சுத்தமா இருந்ததாலதான் அந்த வியாதி அவ்வளவு தெளிவா வந்தது. ஆபரேஷன் டேபிள் பக்கத்துல நின்னு பார்த்தா, கோக்கர் பண்ணதுதான் பெஸ்ட். ஒன்பது வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணைப் பார்த்தாதான் மீதி தெரியும். எங்க பாஷையில சொன்னா, எல்லா டெஸ்ட்டும் பாஸ், டெப்ளாய்மென்ட் சக்சஸ், டிக்கெட் க்ளோஸ்டு. ப்ரொடக்‌ஷன்ல என்ன நடக்குதுன்னு மட்டும் யாரும் பார்க்கலை.

ஆட்டுக் கழுத்துல இருந்து ஒரு மருந்து

விளைவைக் கண்டுபிடிச்ச கோக்கர், காரணத்தைத் தப்பாதான் யூகிச்சார். மூச்சுக்குழாய்க்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு, அது சுருங்கி, ஆக்சிஜன் பத்தாம இப்படி ஆகுதுன்னு நினைச்சார். அதே 1883 நவம்பர்ல லண்டன்ல ஃபெலிக்ஸ் சீமன்ங்கிற தொண்டை நிபுணர் எழுந்து, பிறவியிலேயே வர்ற வளர்ச்சிக் குறைபாடு, பெரியவங்களுக்கு வர்ற மிக்ஸெடீமா, கோக்கர் சொல்ற சீர்குலைவு, மூணுக்கும் காரணம் ஒண்ணுதான், தைராய்டு வேலை செய்யாததுதான்னு சொன்னார். முதல்ல அதைப் பெருசா மதிக்கலை. ஆனா ஒரு கமிட்டி போட்டாங்க. விக்டர் ஹார்ஸ்லி குரங்குகள்ல சோதனை பண்ணார், பல நாட்டு சர்ஜன்கள்கிட்ட இருந்து தகவல் திரட்டினாங்க. 1888ல வந்த அறிக்கை சீமன் சொன்னது சரின்னு சொன்னது.

சுரப்பி இல்லாததுதான் பிரச்சனைன்னா திருப்பிக் கொடுத்தா சரியாகணும் இல்லையா? கோக்கர் 1883லயே தைராய்டுத் திசுவை ஒரு பேஷண்ட் உடம்புல வெச்சுப் பார்த்தார், நிலைக்கலை. 1891ல நியூகாசில்ல ஜார்ஜ் மர்ரேங்கிற இளம் டாக்டர் ஆட்டுத் தைராய்டுல இருந்து சாறு எடுத்து, மிக்ஸெடீமா வந்த 46 வயசுப் பெண்ணுக்கு ஊசியா போட்டார். அந்த அம்மா தேறினாங்க. அந்த மருந்தோடவே 28 வருஷம் வாழ்ந்து 1919ல காலமானாங்க. அடுத்த வருஷமே ஊசிகூட வேண்டாம், வாய் வழியா சாப்பிட்டாலே போதும்னு தெரிஞ்சது. லேசா வறுத்த ஆட்டுத் தைராய்டை ஜெல்லியோட கொடுத்த டாக்டர்கூட இருந்தார்! 1914 கிறிஸ்துமஸ் அன்னைக்கு எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமா பிரிச்செடுத்தார், 1927ல அதை ஆய்வகத்துலயே தயாரிச்சாங்க. அந்த வழியில வந்ததுதான் இன்னைக்கு நம்ம வீட்டு மாத்திரை.

கோக்கர் கடைசி வரைக்கும் 5,000க்கும் மேல தைராய்டு ஆபரேஷன் பண்ணார். இறப்பு விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது. 1909ல அவருக்கு நோபல் பரிசு. சர்ஜன் ஒருத்தருக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

மலையும் உப்பும்

ஆனா ஆல்ப்ஸ் மலைக் கிராமங்கள்ல கழலையைக் குறைச்சது கத்தி இல்லை, 1922ல சுவிட்சர்லாந்துல கொண்டுவந்த அயோடின் உப்பு. நம்ம நாட்டுல இமயமலை அடிவாரத்துலயும் இதே கதைதான். 1956ல வி. ராமலிங்கசாமி குழு காங்ரா பள்ளத்தாக்குல வேலையை ஆரம்பிச்சாங்க. சில பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. கொடுத்துட்டு வந்துடலை. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கழுத்தைப் பார்த்து வருஷக்கணக்கா எண்ணினாங்க. அயோடின் உப்பு போன இடத்துல கழலை நல்லாவே குறைஞ்சது, சாதாரண உப்பு போன இடத்துல குறையலை. அப்புறம் அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு போனது. 1962ல தேசிய அளவுல காய்ட்டர் தடுப்புத் திட்டம் வந்தது. நீங்க கடையில உப்புப் பாக்கெட் வாங்கும்போது அதுல இருக்கிற ‘அயோடைஸ்டு’ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

பெர்ன்லயும் சரி, காங்ராவுலயும் சரி, வேலை முடிஞ்ச பிறகு திரும்பப் போய்ப் பார்த்தவங்களாலதான் விஷயம் தெரிஞ்சது. அதனால உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ ஆபரேஷன் ஆகியிருந்தா, டாக்டர் “ஆறு மாசம் கழிச்சு வாங்க”ன்னு சொன்ன தேதியை விட்டுடாதீங்க. ‘நல்லாதானே இருக்கேன்’னு தோணினாலும் போங்க. அதே மாதிரி, “ஆபரேஷனுக்கு அப்புறம் இவ முன்ன மாதிரி இல்லை”ன்னு வீட்டுல ஒருத்தர் சொன்னா, அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. 1874ல அந்த ஊர் டாக்டர் எழுதினதும் இதைத்தான்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.