நண்பகல் பேயும் சோம்பல் என்ற சொல்லும்

பழைய ஞானோபதேசம் படித்து வளர்ந்தவர்களுக்குத் தலையான பாவங்கள் ஏழும் மனப்பாடம். அகங்காரத்தில் தொடங்கும் அந்தப் பட்டியல் கோபம், மோகம், காய்மகாரம் என நகர்ந்து சோம்பலில் முடியும். ஒவ்வொன்றுக்கும் எதிரான புண்ணியமும் உண்டு. சோம்பலுக்கு எதிரானது சுறுசுறுப்பு. சற்று நின்று நோக்கினால் இந்தக் கடைசிச் சொல் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்பது தெரியும். கோபமும் காய்மகாரமும் உள்ளத்தில் எழுபவை. சோம்பலோ செய்யாமல் விடப்பட்ட வேலையைக் குறிப்பது. உள்ளத்தின் நோய்களைச் சொல்லி வந்த பட்டியலில் இது எப்படி நுழைந்தது?

அந்த இடத்தில் முதலில் இருந்த சொல் வேறு. அது மாறிய கதை, மனித உணர்வுகளைக் கிறிஸ்தவ மரபு எவ்வாறு கவனிக்கக் கற்றது, பிறகு அக்கவனிப்பை எவ்வாறு ஓரளவு கைநழுவ விட்டது என்ற கதையும் ஆகும். 1990ஆம் ஆண்டில் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், தன் உணர்வுகளையும் பிறர் உணர்வுகளையும் கண்டறிந்து வேறுபடுத்தி, அவ்வறிவைக் கொண்டு நடந்துகொள்ளும் ஆற்றலை ‘உணர்வுசார் நுண்ணறிவு’ என்னும் பொருள்படும் பெயரால் விளக்கினர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அப்பெயரை உலகெங்கும் பரப்பியது. பெயர் புதிது. அந்தப் பணியை எகிப்தியப் பாலைநிலத்தில் ஒருவர் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் எவாக்ரியுஸ். இன்றைய துருக்கியின் கருங்கடல் கரையை ஒட்டிய பொந்து நாட்டில் ஏறத்தாழ 345இல் பிறந்தவர். புனித பசிலியாரால் வாசகராகவும், நசியான்சு நகர்ப் புனித கிரகோரியாரால் திருத்தொண்டராகவும் ஏற்படுத்தப்பட்டவர். 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பொதுச்சங்கம் கூடிய காலத்தில் அந்நகரில் நாவன்மையால் புகழ் பெற்றிருந்தார். அங்கேதான் உயர்குடியைச் சேர்ந்த, மணமான ஒரு பெண்மீது அவர் மனம் சென்றது. தப்பியோடி எருசலேம் சேர்ந்தார். அங்கே மருத்துவர்களால் காரணம் காண முடியாத காய்ச்சலில் ஆறு மாதம் கிடந்தார். துறவி மெலானியாவிடம் மனத்திலிருந்ததைச் சொன்ன பிறகே உடல் தேறினார். இதை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் பல்லாதியுஸ். உணர்வுகளைப் பற்றி எழுதிய இம்மனிதர் அவற்றை நூலகத்தில் கற்றவரல்லர் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

383ஆம் ஆண்டளவில் எகிப்து சென்ற அவர் நித்ரியா மலையில் இரண்டாண்டுகளும், அதற்கும் அப்பால் ‘அறைகள்’ என்று பெயர் பெற்ற கெல்லியாவில் பதினான்கு ஆண்டுகளும் வாழ்ந்தார். நூல்களைப் படியெடுத்துக் கொடுத்து அந்தக் கூலியில் உண்டார். துறவியின் உள்ளத்தைத் தாக்கும் எண்ணங்கள் எட்டு என்று அங்கே வகுத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், அக்கேதியா, வீண்பெருமை, செருக்கு. இவற்றைப் பாவங்கள் என்று அவர் அழைக்கவில்லை. எண்ணங்கள் என்றே அழைத்தார். அவை நம்மிடம் வருவதும் வராமலிருப்பதும் நம் கையில் இல்லை; அவற்றைத் தங்க விடுவதும் விடாததும்தான் நம் கையில் உள்ளது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. அவற்றைப் பேய்கள் என்றும் அவர் சொல்வதுண்டு. இக்காலத்தவருக்கு அது நெருடலாம். ஆனால் அப்படிச் சொன்னதில் ஒரு பயன் இருந்தது. சினம் என்பது வாசலில் வந்து நிற்கும் அந்நியன் என்றால், ‘நான் கோபக்காரன்’ என்று ஒருவன் தன்னையே சபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

எவாக்ரியுஸ் கற்பித்த முறை வியப்புக்குரியது. எந்த எண்ணம் எப்போது எழுகிறது, எப்போது தணிகிறது, எதன் பின்னால் எது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு அவர் துறவிகளுக்குச் சொன்னார். தாமும் அப்படியே குறித்தார். துயரத்தைப் பற்றி அவர் கண்டது இது: விட்டு வந்த வீடும் பெற்றோரும் பழைய வாழ்வும் முதலில் இனிய நினைவுகளாக வரும், மனம் அவற்றோடு மகிழ்ந்து உலாவும், அவை இனி இல்லை என்ற உணர்வு தட்டியதும் அதே மனம் படுகுழியில் விழும். ஆகவே துயரத்தின் வேரை அதற்கு முந்திய இன்பத்தில் தேட வேண்டும். சினத்துக்குப் பின்னாலும் துயரம் வரும் என்றார். சினமோ செபவேளையில்தான் வலுக்கும். நம்மைப் புண்படுத்தியவரின் முகத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் என்றார். செபமாலையைக் கையில் எடுத்ததும் பக்கத்து வீட்டுச் சண்டை நினைவுக்கு வருபவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். அதற்கு அவர் சொன்ன மருந்தும் எளியது: பகை பாராட்டுகிறவருக்கு ஒரு பரிசு கொடுப்பது. ஏசாவின் மனத்தை யாக்கோபு அப்படித்தான் ஆற்றினார். பரிசு வாங்க வழியில்லாத ஏழைகள் அவரைச் சாப்பிட அழைக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

எட்டில் அவர் மிக நுணுக்கமாக வரைந்தது அக்கேதியாவை. அதன் நேர்ப்பொருள் அக்கறையற்றுப் போதல். ‘ஒன்றும் ஓடவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது மிக அருகில் வருகிறது. காலை பத்து மணியளவில் அது தொடங்கும். பிற்பகல் இரண்டு வரை பிடித்தாட்டும். அப்போது பொழுது நகராது. பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோல் தோன்றும். துறவி சன்னலைப் பார்ப்பார். வெளியே வந்து, ஒருவேளை உணவுக்குரிய மூன்று மணி ஆக இன்னும் எவ்வளவு உள்ளது என்று கதிரவனைப் பார்ப்பார். யாரேனும் வருகிறார்களா என்று அங்குமிங்கும் நோக்குவார். பிறகு இருக்கும் இடம் வெறுக்கும், கைவேலை வெறுக்கும், வாழ்வே வெறுக்கும். சகோதரர்களிடையே அன்பு அற்றுப்போயிற்று, ஆறுதல் சொல்ல ஒருவருமில்லை என்று தோன்றும். இன்னும் எத்தனை ஆண்டுகள் இப்படியே என்ற மலைப்பு எழும். திருப்பாடல் 91இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் ‘நண்பகல் பேய்’ இதுவே என்றார். இதற்கு ஆளானவர் தம் ஆன்மாவை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதி ஆறுதல் சொல்ல, மறுபகுதி அதைக் கண்ணீரோடு கேட்க வேண்டும் என்று சொன்னார். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

399இல் எவாக்ரியுஸ் இறந்தார். ஓரிஜனின் கருத்துகளைப் பின்பற்றியவர் என்பதால் 553ஆம் ஆண்டுக் கண்டனம் அவர் மீதும் விழுந்தது. அவருடைய நூல்களுள் சில சிரிய மொழியில் ஒதுங்கின. சில கிரேக்கத்திலேயே நீலுஸ் என்ற வேறொரு துறவியின் பெயரில் தப்பின. மேற்கே அவருடைய எட்டைக் கொண்டு சென்றவர் யோவான் கசியான். எகிப்தில் வாழ்ந்து, பின் மர்சேய் நகரில் மடங்கள் நிறுவிய இவர், 420ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலத்தீனில் எழுதினார். கசியானும் நுட்பமானவர்தான், காரணமே தெரியாமல் வரும் துயரமும் உண்டு என்று எழுதியவர். ஆனால் அக்கேதியாவுக்கு அவர் முதன்மையாகச் சொன்ன மருந்து உழைப்பு. பவுல் என்ற துறவியை எடுத்துக்காட்டினார். சந்தை எட்டாத தொலைவில் வாழ்ந்த பவுல், ஆண்டு முழுவதும் பேரீச்ச ஓலையில் வேலை செய்து குகையை நிரப்பி, ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் எரித்துவிட்டு மீண்டும் தொடங்குவாராம். மருந்து வேலை என்றானால், நோய் வேலையின்மை என்று எண்ணுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் செருக்கை எல்லாவற்றுக்கும் வேராக்கி, அதிலிருந்து கிளைப்பவை ஏழு என்று வகுத்தார். பொறாமை புதிதாய்ச் சேர்ந்தது. அக்கேதியா துயரத்துக்குள் கரைந்தது. பிற்பாடு அக்கேதியா பட்டியலுக்குத் திரும்ப, துயரம் என்ற பெயர் வெளியேறியது. 1215இல் நான்காம் இலாத்தரான் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதை எல்லாருக்கும் கடமையாக்கியது. குருக்களுக்கும் மக்களுக்கும் கையேடுகள் பெருகின. பாலைநிலத்தில் உள்ளத்தைக் கவனிக்க உதவிய பட்டியல் இப்போது பாவங்களை எண்ண உதவியது. மனம் வெறுமையானதை எண்ண முடியாது; பூசைக்குத் தாமதமாக வந்ததை எண்ணலாம். அக்கேதியா சோம்பலானது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் கணிப்பு. கையேடுகளை எழுதியவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. கல்லாத மக்களுக்கு எளிதாகச் சொல்ல வேண்டியிருந்தது; சொன்னார்கள். ஆனால் துயரத்தால் எழ முடியாமல் படுத்திருந்தவர்களும் அந்த எளிய சொல்லுக்குள் அடைபட்டார்கள். கணவனை இழந்த பின் அடுப்படிக்கே போகாத பெண்ணும், தேர்வில் தோற்றபின் அறையை விட்டு வராத இளைஞனும் நம் ஊர்களில் கேட்ட முதல் குற்றச்சாட்டு எது என்பதை வாசகர் அறிவர்.

இறையியல் அறிஞர்கள் எல்லாரும் இதற்கு உடன்பட்டுவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், உணர்ச்சிகள் தம்மளவில் நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல என்று எழுதினார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் அதையே கூறுகிறது. துயரத்தைத் தணிக்க தாமஸ் காட்டும் வழிகள் ஐந்து: ஏதேனும் ஓர் இன்பம், கண்ணீர், நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானித்தல், உறக்கமும் குளியலும். தம் மாபெரும் இறையியல் நூலில், வேறெந்தக் கேள்விக்கும் கொடுக்கும் அதே முறையான வாதங்களோடு, குளியலுக்கு அவர் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

பட்டியலும் கவனிப்பும் ஒரே மனிதரின் நெஞ்சுக்குள் மோதியதை இஞ்ஞாசியாரின் வரலாற்றில் காண்கிறோம். 1521 மே 20 அன்று பம்பலோனா முற்றுகையில் கால் முறிந்து, லொயோலா மாளிகையில் படுத்திருந்தபோது, வீரசாகசக் கனவுகள் தம்மை வறண்டவராக விட்டுச் செல்வதையும், புனிதர்களைப் பின்பற்றும் எண்ணம் நெடுநேரம் நிறைவைத் தருவதையும் அவர் கவனித்தார். அடுத்த ஆண்டு மன்றேசாவில் நிலைமை கடுமையாயிற்று. மொந்செராத்தில் மூன்று நாள் செலவிட்டு எழுதிச் செய்த பொதுப் பாவசங்கீர்த்தனமும் போதவில்லை என்ற ஐயம் அவரை அரித்தது. மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார்; மீண்டும் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றியது. தாம் செபித்த இடத்தருகே இருந்த பெரிய பள்ளத்தில் குதித்துவிடும் தூண்டுதல் பலமுறை எழுந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லி எழுதுவித்திருக்கிறார். ஒரு வாரம் உண்ணாமல் இருந்தும் தீரவில்லை. இறுதியில், இந்த உணர்வு எந்த வழியாகத் தம்முள் வந்தது என்று பின்னோக்கிப் பார்க்கத் தொடங்கினார். பார்த்தபின், பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்தார். அன்றோடு அந்த வேதனை நின்றது.

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் அந்த அனுபவத்தின் தடம் உண்டு. உள்ளம் வறண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவுகளை மாற்றாதிருக்கச் சொல்கிறார். வறட்சிக்கு மூன்று காரணங்கள் கூறுகிறார். நம் சோம்பலும் அசட்டையும் அவற்றில் ஒன்று மட்டுமே. பயிற்சி தருபவருக்கான குறிப்புகளில் ஏழாவது, அவ்வாறு வறண்டு சோதனையில் இருப்பவரிடம் கடுமையோ கசப்போ காட்டாமல் கனிவோடு நடந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறது.