மிஷின் வாங்கினால் வரி குறையுமா? ஒரு சிறுதொழில் வரலாறு



பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை பக்கம் லேத் பட்டறை, பேக்கிங் யூனிட் என்று நடத்தும் என் பழைய மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் வந்தாலே அவர்களிடம் ஒரு பேச்சு அடிபடும்: "31-ம் தேதிக்குள்ள ஒரு மிஷின் வாங்கிப் போட்டா வரியே கட்ட வேண்டாம் சார்." இதில் கொஞ்சம்தான் உண்மை. எவ்வளவு என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் தேய்மானம் என்றால் என்ன? பத்து லட்சத்துக்கு வாங்கிய லேத் வருடா வருடம் தேய்ந்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போகும். அந்த இழப்பும் தொழில் செலவுதான். எனவே வருடா வருடம் ஒரு பகுதியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 1922-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே இது இருந்தது. 1961-ம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்ந்தது. இது சலுகை அல்ல, நியாயம். இதற்கு மேல் அரசு கொடுத்ததுதான் சலுகை. அந்தச் சலுகை யாருக்குப் போனது என்பதுதான் இன்றைய பாடம்.

சுதந்திரத்துக்குப் பின் நாட்டுக்கு மிஷின்கள் தேவைப்பட்டன. 1955-ல் டெவலப்மென்ட் ரிபேட் என்ற சலுகை வந்தது. தொடக்கத்தில் 25 சதவீதம். தேய்மானம் போக, கூடுதலாக இது. அதாவது 100 ரூபாய் மிஷினுக்கு மொத்தம் 125 ரூபாய் கழிக்கலாம். 1958-ல் நம் கிண்டி தொழிற்பேட்டை வந்தபோது இந்தச் சலுகை நடப்பில் இருந்தது. 1974-ல் அதை நிறுத்தினார்கள்.

1976-ல் இன்வெஸ்ட்மென்ட் அலவன்ஸ் என்ற பெயரில் அதே 25 சதவீதம் திரும்பி வந்தது. அப்போது நிதியமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. பெரிய ஆலைகள் என்றால், இன்ன பொருள் செய்கிறாயா என்று அட்டவணை பார்ப்பார்கள். சிறுதொழில் என்றால் எந்தப் பொருள் செய்தாலும் சலுகை உண்டு. மிஷின்களின் மொத்த மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் அது சிறுதொழில். 1980-ல் இந்த வரம்பு 20 லட்சம், 1985-ல் 35 லட்சம் என்று உயர்ந்தது. எட்டு வருடத்துக்குள் மிஷினை விற்றால் சலுகை ரத்து என்ற நிபந்தனையும் இருந்தது. 1990-ல் இதுவும் நின்றது.

2005 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் பொதுவான தேய்மானத்தை 25-லிருந்து 15 சதவீதமாகக் குறைத்தார். உற்பத்தி செய்பவர்கள் வாங்கும் புது மிஷினுக்குக் கூடுதல் தேய்மானத்தை 20 சதவீதமாக்கினார். பட்டறைக்காரருக்கு முதல் வருடம் 35 கிடைத்தது. பொருள் எதுவும் தயாரிக்காத ஜெராக்ஸ் கடைக்காரரின் மிஷினுக்கு வெறும் 15.

2013-ல் அவரே இன்வெஸ்ட்மென்ட் அலவன்ஸை மறுபடி கொண்டுவந்தார், 15 சதவீதம். ஆனால் 100 கோடிக்கு மேல் முதலீடு செய்யும் கம்பெனிக்கு மட்டும்! 2014-ல் அருண் ஜெட்லி அதை 25 கோடியாக இறக்கினார். பம்மல் பட்டறைக்கு 100 கோடியும் ஒன்றுதான், 25 கோடியும் ஒன்றுதான்.

கிண்டி பேட்டை வந்த அதே 1958-ல் அமெரிக்கா சிறுதொழிலுக்காக ஒரு சட்டம் போட்டது. 10,000 டாலர் வரையிலான சாதனங்களுக்கு முதல் வருடமே 20 சதவீதம் கூடுதலாகக் கழிக்கலாம். பிரிட்டன் 2008-ல், வருடம் 50,000 பவுண்டு வரை முழுவதையும் உடனே கழிக்கலாம் என்றது. அவர்கள் "இதற்கு மேல் கிடையாது" என்று கோடு போட்டார்கள். அதனால் பலன் சிறியவருக்கு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. 1976-ல் நாமும் சிறுதொழிலுக்கு அப்படித்தான் கோடு போட்டோம். 2013-ல் "இதற்குக் கீழே கிடையாது" என்று போட்டோம். கோடு ஒன்றுதான், ஆனால் எந்தப் பக்கம் நிற்பவருக்குச் சலுகை என்பது மாறிவிட்டது.

இப்போது அந்த மார்ச் மாதக் கணக்குக்கு வருவோம். பார்ட்னர்ஷிப் பட்டறை, 10 லட்சத்துக்குப் புது லேத், மார்ச்சில் வாங்கி ஓட்டியாயிற்று. 15-ம் 20-ம் சேர்ந்து 35 சதவீதம். ஆனால் அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதிதான். 17.5 சதவீதம், அதாவது 1,75,000 ரூபாய். இது வருமானத்தில் குறைவது, வரியில் அல்ல. 30 சதவீத வரியில் மிச்சம் 52,500 ரூபாய். மீதித் தேய்மானம் அடுத்தடுத்த வருடங்களில் வரும். ஆனால் இந்த வருட வரிக்குப் பயந்து, வேலை ஆர்டர் இல்லாமல் 10 லட்சம் கடன் வாங்கினால், மாதத் தவணையை யார் கட்டுவது?

இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கினால் மட்டும் போதாது, மிஷின் ஓடியிருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை மிஷின் விலையில் சேராது. 2017 முதல் இதுதான் விதி. ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்துவிட்டால் அந்த வரித் தொகைக்குத் தேய்மானம் இல்லை. விற்பனையில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறையில் இருப்பவர்களுக்குத் தேய்மானம் ஏற்கெனவே கொடுத்ததாகக் கணக்கு. தனியாகக் கழிக்க முடியாது. 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்குக் கூடுதல் 20 கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். தேய்மானம் அதிலும் உண்டு. வாங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள், வாங்கிய பிறகு அல்ல.

என் கருத்து இதுதான்: சிறுதொழிலுக்கென்று ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்குள் வாங்கும் மிஷினின் முழு விலையையும் முதல் வருடமே கழிக்க விட வேண்டும். சிறுதொழில் சங்கங்கள் பட்ஜெட்டுக்கு முன் வைக்கும் கோரிக்கைகளில் இதையும் சேர்க்கலாம்.

1976 முதல் 1990 வரை பட்டறை நடத்திய பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த 25 சதவீதம் உங்களுக்கு உண்மையில் கைக்கு வந்ததா என்று எழுதுங்கள். இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.