பெயரும் படியும்: காப்புரிமையின் தமிழ் வரலாறு

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே உள்ளது கீழக்குயில்குடி. அங்குள்ள சமணர் மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என ஊரார் வழங்கும் இரண்டு இடங்களில் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. காலம் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகள். உருவங்களின் கீழே வட்டெழுத்தில் சிறுசிறு கல்வெட்டுகள் உண்டு. இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார், அவர் இன்னாருடைய மாணாக்கர் என்பதே அவற்றுள் பலவற்றின் செய்தி. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த துறவியர் பெயர்கள் இவ்வாறுதான் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

பற்றறுத்தவர்களுடைய மலையிலும் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். செய்தவர் யார் என்பது மறையக்கூடாது என்ற எண்ணம் அக்காலத்தார்க்கு நன்றாகவே இருந்தது. ஆனால், 'இதைப் போல் இன்னொன்றை வேறு எவரும் செய்யக்கூடாது' என்ற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. பெயரைக் காப்பது ஒன்று. படியெடுப்பதைத் தடுப்பது மற்றொன்று. இவ்விரண்டும் எப்போது ஒன்றாயின, மீண்டும் எவ்வாறு பிரிக்கப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள். இணையத்தில் எழுதுவோரும் பழைய நூல்களை ஏற்றுவோரும் அன்றாடம் சந்திக்கும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

ஏட்டுக்காலம்

சமணர் போற்றும் நால்வகைத் தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. நூலைப் படியெடுத்துத் தருவது உணவிடுவதற்கும் மருந்தளிப்பதற்கும் நிகரான அறம். கீழக்குயில்குடி உருவங்கள் செதுக்கப்பட்ட காலத்தை ஒட்டி, பத்தாம் நூற்றாண்டில், கன்னட நாட்டு அத்திமப்பே என்னும் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது புகழ்பெற்ற செய்தி. இன்றைய மொழியில் சொன்னால் அது ஆயிரம் படிகள் கொண்ட ஒரு பதிப்பு. எவரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. தானசிந்தாமணி என்று அவரைப் போற்றினர்.

ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. கரையானும் ஈரமும் தின்பதற்குள் மறுபடி எழுதப்பட்ட நூலே பிழைத்தது. ஆகவே படியெடுப்பது நூலுக்கு இழைக்கும் தீங்கன்று. நூலின் உயிரே அதுதான்.

இதைக்கொண்டு ஏட்டுக்காலத்தை ஒரு பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. ஏட்டைப் பூட்டிவைத்தவர்கள் இருந்தார்கள். கேட்டும் காட்டாதவர்கள் இருந்தார்கள். எழுத்தறிவே சிலருக்கு மட்டும் உரியதாக இருந்தது. பெயர்த் திருட்டும் இருந்தது, ஆனால் தலைகீழாக. பிறர் எழுதியதைத் தன் பெயரில் போடுவதைவிட, தான் எழுதியதை அகத்தியர் பெயரிலோ ஔவையார் பெயரிலோ உலவவிடுவது எளிதாக இருந்தது. பாரதி பாடாத வரிகள் பாரதி படத்தோடு இணையத்தில் சுற்றுவதைக் காணும்போது இந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்றே தோன்றுகிறது.

அச்சும் உரிமையும்

1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தியர் அச்சுக்கூடம் வைப்பதில் இருந்த தடைகள் நீங்கின. அதன் பிறகே தமிழ் நூல்கள் பெருமளவில் அச்சேறத் தொடங்கின. அச்சுக்கு முதல் வேண்டும்: எழுத்து, தாள், கூலி. ஒருவர் கடன்பட்டு அச்சிட்ட நூலை அடுத்த தெருக்காரர் பார்த்து அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்றால் முன்னவர் கதி என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் படியுரிமை பிறக்கிறது. கும்பினி ஆட்சியில் 1847ஆம் ஆண்டு ஒரு காப்புரிமைச் சட்டம் வந்தது. 1867ஆம் ஆண்டு நூல்களைப் பதிவுசெய்யும் சட்டம் வந்தது. 1911ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தைத் தழுவிய 1914ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியர் இறந்த பின்னும் ஐம்பது ஆண்டுகள் உரிமை நீடிக்க வழிசெய்தது. பழைய புத்தகங்களின் முகப்பில் 'காபிரைட் ரிஜிஸ்டர்டு' என்று காணப்படுவது இந்தக் காலமாற்றத்தின் தடம்.

உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கும்பகோணத்துச் சமணர்கள் பொருள் விளக்கி உதவினார்கள். திருத்தக்கதேவர் பாட்டுக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. ஆனால் முன்னுரை, குறிப்புரை ஆகியன ஐயருடையவை. அவர் 1942ஆம் ஆண்டு காலமானார். பின்னாளில் அறுபது ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்ட சட்டத்தின்படி, அவர் எழுத்தின் மீதான காப்புரிமை 2002ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்தது. ஒரே பக்கத்தில் மேலே ஆயிரம் ஆண்டுப் பழமையான பொதுச்சொத்து, கீழே அண்மைக்காலத் தனிச்சொத்து. பழைய நூல்களை இணையத்தில் ஏற்றுவோர் அனைவரும் மனத்தில் இருத்த வேண்டிய வேறுபாடு இது.

பாரதி வழக்கு

பெயரும் படியும் மோதிக்கொண்ட மிகப் பெரிய தமிழ் நிகழ்வு பாரதியின் காப்புரிமை. ஆ.இரா. வேங்கடாசலபதி இதை ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

1921ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரதி மறைந்தபோது குடும்பத்துக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து அவருடைய எழுத்து மட்டுமே. செல்லம்மா பாரதி அவற்றை வெளியிட முனைந்தார். பின்னர் பாரதியின் தம்பி சி. விசுவநாதனின் பாரதி பிரசுராலயத்திடம் உரிமை சென்றது. 1928ஆம் ஆண்டு அரசு சுதேச கீதங்களைப் பறிமுதல் செய்தபோது அடியைத் தாங்கியதும் அந்தப் பிரசுராலயமே. உரிமை பெற்றவர்களை வெறும் வணிகராக மட்டும் காண்பது நியாயமாகாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

சிக்கல் புத்தகத்திலிருந்து வரவில்லை. இசைத்தட்டிலிருந்தும் திரையிலிருந்தும் வந்தது. பாட்டை ஒலிவடிவில் வழங்கும் உரிமை தனியே விற்கப்பட்டுக் கைமாறி, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. 1947ஆம் ஆண்டு வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றபோது உரிமைப் பூசல் எழுந்து நீதிமன்றம் வரை சென்றது. மேடைதோறும் மக்கள் பாடிய பாட்டுக்கு ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற செய்தி தமிழ்நாட்டைத் திடுக்கிடச் செய்தது. பாரதி விடுதலைக்காகக் கழகம் தோன்றியது. நாரண. துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் முதலியோர் முன்னின்றனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சி 1949ஆம் ஆண்டு உரிமையை அரசுடைமையாக்கியது. செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. 1950களின் நடுவில், எவரும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது.

இது நடவாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிடுவது கடினமன்று. ஐம்பதாண்டு விதிப்படி, பாரதியின் எழுத்து 1971ஆம் ஆண்டின் இறுதிவரை தனியுரிமையில் இருந்திருக்கும். மலிவுப் பதிப்புகளும், பள்ளி மேடைகளும், திரைப்பாடல்களும் ஒரு தலைமுறைக்குப் பாரதியைக் கொண்டுசேர்த்த அந்த இருபது ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் அனுமதி தேவைப்பட்டிருக்கும். விடுதலைக்குப் பிறகு பாரதியின் பெயர் தேயவில்லை, வளர்ந்தது. படியை அவிழ்த்துவிட்டால் பெயர் அழியும் என்ற அச்சத்துக்கு வரலாறு தந்த மறுமொழி அது.

வங்காளத்தில் நடந்தது இதற்கு எதிரானது. 1941ஆம் ஆண்டு மறைந்த தாகூரின் காப்புரிமை 1991ஆம் ஆண்டின் இறுதியில் முடிய இருந்த வேளையில் காப்புக்காலம் அறுபது ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. தாகூருக்காகச் செய்த அந்த மாற்றம் நாடு முழுதும் உள்ள எழுத்தாளர் எல்லோர்க்கும் பொருந்தியது. உ.வே.சா.வின் எழுத்து பத்தாண்டுகள் தாமதமாகப் பொதுவானதும் இதனால்தான்.

நாட்டுடைமையின் இரு பக்கங்கள்

பாரதிக்குப் பின் நாட்டுடைமை தமிழக அரசின் வழக்கமாகவே ஆனது. பாரதிதாசன், அண்ணா, கல்கி, புதுமைப்பித்தன் எனப் பட்டியல் நீண்டது. கல்கி 1954ஆம் ஆண்டு மறைந்தார். சட்டப்படி 2014வரை காத்திருந்திருக்க வேண்டும். அதற்கு வெகுமுன்பே பொன்னியின் செல்வன் பல பதிப்பகங்களிலும் இணையத்திலும் கிடைக்கலாயிற்று.

ஆனால் எல்லோரும் இதை வரவேற்கவில்லை. 2009ஆம் ஆண்டு அரசு அறிவித்த பட்டியலை ஒட்டி, கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் குடும்பத்தார் நாட்டுடைமையை ஏற்கவில்லை. அவர்கள் நிலைப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. நூல்கள் நன்கு விற்கும்போது ஒருமுறை தரும் தொகை ஈடாகாது. பிழைமலிந்த அவசரப் பதிப்புகள் பெருகுவதையும் நாம் கண்டிருக்கிறோம். பாடம் ஒப்புநோக்காமல், ஆசிரியர் முன்னுரையை வெட்டி, கதைகளின் கால வரிசையைக் கலைத்து வெளியிடுவது விடுதலை ஆகாது. நாட்டுடைமை படிக்குக் கதவைத் திறக்கிறது. பாடத்தைக் காக்கும் பொறுப்பை அது எவர்மீதும் சுமத்துவதில்லை.

இணையத்தில் இன்று

1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சங்கம் வளர்த்த ஊரின் பெயரைத் தாங்கிய இம்முயற்சியைச் சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளிலிருந்த தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். ஒவ்வொரு கோப்பிலும் உழைத்தவர் பெயர் இருக்கிறது; எவரும் இலவசமாகப் பரப்பலாம் என்ற குறிப்பும் இருக்கிறது. சமணர் மலைக் கல்வெட்டின் முறைமையும் இதுதானே: செய்வித்தவர் பெயர் நிற்கும், பயன் எல்லோர்க்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? கீழக்குயில்குடியையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சிற்பத்தின்மேல் எவர்க்கும் காப்புரிமை இல்லை. அதை ஒருவர் எடுத்த ஒளிப்படத்தின்மேல் அவருக்கு உண்டு. அதைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையின் வாசகங்கள் அவருடையவை. அதிலுள்ள நூற்றாண்டு, கல்வெட்டுச் செய்தி ஆகியன எல்லோருடையவை. கருத்துக்குக் காப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு என்பதை உச்சநீதிமன்றம் 1978ஆம் ஆண்டு ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது. பொதுவான ஒரு மூலத்தைப் பதிப்பிப்பவருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்விக்கு 2007ஆம் ஆண்டின் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கு வழிகாட்டுகிறது. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டவர்கள் தொடுத்த வழக்கு அது. உழைப்பு மட்டும் போதாது, அறிவுத்திறனும் ஓரளவு படைப்புத்தன்மையும் வேண்டும் என்றது நீதிமன்றம். சங்கப் பாடலைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்க்கு நன்றி உரியது; காப்புரிமை உரியதன்று.

மேற்கோளுக்கு எத்தனை வரி என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. விமரிசனத்துக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவு எடுக்கலாம் என்றே இருக்கிறது. தோப்பில் பாசியின் நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரன் வழக்கில், எடுத்தாண்டதன் நோக்கத்தையும் கருத்தில் கொண்டு 1996ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றம் எதிர்நாடகத்துக்கு இடமளித்தது. ஆனால் ஒருவருடைய சிறுகதையை முழுவதுமாக எடுத்துப் போட்டு மேலே 'அருமையான கதை' என்று இரண்டு சொல் சேர்ப்பது விமரிசனம் ஆகாது. 'நன்றி' என்று அடியில் போட்டாலும் அது அனுமதி ஆகாது.

இன்னொரு விதி அதிகம் பேசப்படுவதில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, காப்புரிமையை விற்றுவிட்ட ஆசிரியருக்கும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையையும், பெயருக்கு இழுக்காகச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் தனியே காக்கிறது. ஆக, பெயர் வேறு, படி வேறு என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. படி விலைபோகலாம், பெயர் விலைபோவதில்லை.

இணையத்தில் எழுதும் பெரும்பாலோர்க்கு எழுத்தால் வருமானம் இல்லை. அவர்களைப் புண்படுத்துவது தம் கட்டுரை வேறிடத்தில் வருவதன்று. தம் பெயரில்லாமல், அல்லது வேறொருவர் பெயரில் வருவது. ஆகவே எழுதுவோர் தம் எழுத்தை எந்த அளவுக்குப் பிறர் எடுத்தாளலாம் என்பதை முதலிலேயே எழுதிவைக்கலாம். படைப்பாக்கப் பொதுமங்கள் போன்ற உரிமங்கள் அதற்கென்றே உள்ளன. எடுத்தாள்வோர் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். கேட்கத் தேவையில்லாத இடத்திலும் பெயரைச் சொல்ல வேண்டும். பதிப்பில்லாமலும் வாரிசு யாரெனத் தெரியாமலும் நூலக அலமாரிகளில் பொடிந்துகொண்டிருக்கும் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் எத்தனையோ. அவை அறுபது ஆண்டுகள் காத்திருக்கும். அவற்றின் தாள் காத்திருக்குமா என்பதே கேள்வி. உரிமை பெற்றவர்கள் அதைப் பூட்டிவைக்க மட்டும் பயன்படுத்தாமல், ஒரு படியாவது எடுத்துவைக்க இசைவார்களாயின், அதுவும் இக்காலத்துச் சாத்திர தானமே.